மற்போர்க் காட்சியின் ஏற்றமும் இறக்கமும்: மாத்தளைத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

மலையகப் பெருந்தோட்டங்களில், மாத்தளை மாவட்டத்திலும், ஆடப்பெற்று வந்துள்ள கூத்துக்களுள் அருச்சுனன் தபசும் ஒன்றாகும். பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனனைச் சோதிக்கச் சிவன் வேட உருவில் வருகின்றான். பன்றியை எய்தவர் யார் என்பதில் வழக்கு மூளுகின்றது. வில்லும் அம்பும் பயனற்றுப் போக, இருவரும் வெறுங்கையுடன் மோதுகின்றனர். பாரதக் கதையில் இது முழுமையானதொரு மற்போர். அருச்சுனன் அடிக்கின்றான், கட்டிப் புரள்கின்றான், ஈற்றில் நசுங்கி மூச்சிழந்து விழுகின்றான். வேடன் யார் என்பது அருச்சுனனுக்குத் தெரியாது. ஆனால் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பனியில் விடியவிடிய அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பார்வையாளர் அனைவருக்கும் அது தெரியும். முடிவு தெரிந்திருந்தும் அவர்கள் எழுந்து போவதில்லை.

இக்கூத்தைக் காண அவர்கள் காசு கொடுப்பதுமில்லை. ஆனால் இதே மக்களின் ஊரையும் உறவையும் சேர்ந்தவர்களாய், வேறொரு கப்பலேறிச் சிங்கப்பூருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர், இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிற் காசு கொடுத்து மற்போர் பார்த்தனர். கிங் கொங், தாரா சிங் என்னும் இரு பெயர்களும் அவர்களிடையே வீட்டுப் பெயர்களாயின. நாகபட்டினத்தில் ஏறியோர் மலாயாவுக்கும், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா ஊடாக நடந்தோர் மாத்தளைக்கும் போய்ச் சேர்ந்தனர். ஒரே சமூகத்தின் இரு கிளைகளுள் ஒன்று நுழைவுச்சீட்டுக் கோதாவின் பார்வையாளராக, மற்றது கூத்துக் களரியின் உரிமையாளராக அமைந்தமை எவ்வாறு? இவ்வினாவை முன்வைத்து, மற்போர்க் காட்சி கண்ட ஏற்ற இறக்கங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சுயாதீன மற்போர்க் காட்சி என்று நாம் இங்குக் குறிப்பது, அரண்மனையையோ அரசையோ பெருங் கம்பனியையோ சாராது, வாயிலிற் சேரும் காசை மட்டும் நம்பி நடைபெறும் காட்சியையாகும்.

முதலிற் சொற்களை நோக்குதல் தகும். மல், மல்லன், மற்போர் என்பன பழஞ்சொற்கள். பயில்வான் என்பது பாரசீக மூலத்தது. கோதா என்பதும் உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. நவாபுகளின் படைகளோடும் மராட்டியரோடும் தமிழகத்துக்கு வந்த பயிற்சிக்களங்களின் சுவடு இவ்விரு சொற்களிலும் உண்டு. இன்று நாம் தேர்தற் கோதா என்கின்றோம். இலக்கியச் சர்ச்சையிற்கூடக் கோதாவில் இறங்குகின்றோம். மண் தோண்டி எண்ணெய் விட்டுப் பதப்படுத்திய அக்களத்தைக் கண்டவர் நம்முட் சிலரே.

தமிழில் மற்போர் பற்றிய மிகப் பழைய விரிவான சித்திரிப்புப் புறநானூற்றில் உள்ளது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்றமை பற்றிச் சாத்தந்தையார் மூன்று பாடல்களும் (80-82), பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் மூன்று பாடல்களும் (83-85) பாடியுள்ளனர். சாத்தந்தையாரின் கண் வீரனின் உடலில் நிலைத்திருக்கின்றது. ஒரு கால் மார்பில் ஊன்றியிருக்க மறு கால் எதிரியின் பிடியைத் தடுக்கும் நிலையை, அண்மையில் நின்று கண்டவர்போல அவர் கூறுகின்றார். நக்கண்ணையாரோ கூட்டத்தைக் காட்டுகின்றார். வெற்றி அவனுக்கென்பாரும் இல்லையென்பாருமாய் ஊர் இரண்டுபடுகின்றது. தம் காதலை வெளியிற் சொல்லவியலாத பெண்ணொருத்தி மரத்தோடு சாய்ந்து நின்று பார்க்கின்றாள். உரையாசிரியர் இவற்றைக் கைக்கிளையாகக் கொண்டு அமைவர். காட்சி வரலாற்றை ஆராய்வோனுக்கு இப்பாடல்கள் தரும் செய்தி வேறு. இரண்டுபட்ட கூட்டம் இன்றி மற்போர் இல்லை என்பது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. ஆயினும் அக்கூட்டம் பணம் தரவில்லை. பொருதவன் குடிப்பிறப்பாளன், அவன் பெறுவது புகழ்.

நிலமானிய காலத்தில் மல்லர் அரண்மனையின் ஊழியராயினர். பதினான்காம் நூற்றாண்டுக் கம்பளைக் காலத்து எம்பெக்கை தேவாலயத்தின் மரத்தூண்களில், அன்னம், நடனமாதர் முதலிய உருவங்களிடையே, பிணைந்து நிற்கும் மல்லர் இருவரும் செதுக்கப்பட்டுள்ளனர். மாத்தளைக்கு அண்மையில் நாம் காணத்தக்க மற்போர்ச் சான்றுகளுள் இதுவே சிறந்தது. வட இந்தியாவில் இம்முறை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. கோலாப்பூரில் சாகு மகாராசா கட்டுவித்த காஸ்பாக் மற்போர் அரங்கு 1912 இல் நிறைவுற்றது. பால், நெய், பாதாம் பருப்பு என மல்லனின் நாளாந்த உணவே ஒரு குடும்பத்தின் வருவாயை விழுங்குவது. அதனை வழங்க வல்லவர் சுதேச மன்னரே.

இவ்வமைப்பின் இறுதிப் பெருவீரன் காமா. ததியா, பட்டியாலா மன்னர்களின் ஆதரவைப் பெற்ற அவர், 1910 இல் இலண்டன் சென்றார். உயரம் போதாதென அங்குப் போட்டியிற் சேர்க்கப்படவில்லை. எந்த எடையினராயினும் மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவதாக அவர் அறைகூவல் விடுத்தார். அதுவும் கேளிக்கை மண்டப விளம்பரமென்றே முதலிற் கருதப்பட்டது. அமெரிக்கரான ரோலரை வென்ற பின்னரே அவருக்கு மதிப்புக் கிட்டியது. அவ்வாண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி போலந்து வீரர் ஸ்பிஷ்கோவுடன் அவர் பொருத போட்டி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீண்டும் முடிவின்றிப் போயிற்று. ஸ்பிஷ்கோ பெரும்பொழுது தரையோடு ஒட்டிக் கிடந்தார். ஒரு வாரத்தின் பின் நடைபெறவிருந்த மறுபோட்டிக்கு அவர் வரவேயில்லை. 1928 இல் பட்டியாலா மன்னரின் அழைப்பில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார்.

இவ்விரு போட்டிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். இலண்டனில் இரண்டரை மணி நேரம் சீட்டு வாங்கியோர் கண்டது தரையிற் கிடந்த ஒருவனை. பட்டியாலாவில் நெடுந்தூரம் வந்தோர் கண்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு நிகழ்ச்சியை. உண்மையான மற்போர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். மன்னனுக்கு இதனால் இழப்பில்லை. காசு கொடுத்து வருவோனை இது மறுமுறை வரச் செய்யாது. தொழில்முறை மற்போர் எங்கும் நடிப்பை நாடியமைக்கு ஒழுக்கக் கேட்டைக் காரணமாகக் காட்டுவோர் இவ்வெளிய கணக்கை மறந்துவிடுகின்றனர்.

1947 உடன் சுதேச அரண்மனைகள் சரிந்தன. பிரிவினையின் பின் இலாகூரில் வாழ்ந்த காமா, முதுமையில் நோயும் வறுமையுமாய் 1960 இல் இறந்தார். புரவலரை இழந்த அடுத்த தலைமுறை மல்லருக்கு எஞ்சியது வாயிற்காசு. அக்காசு அப்போது மிகுதியாகப் புழங்கிய இடங்களுள் ஒன்று சிங்கப்பூர்.

சிங்கப்பூரின் உல்லாசப் பூங்காக்கள் தனித்த ஆய்வுக்குரியன. நியூ வேர்ல்ட் 1923 இலும், கிரேட் வேர்ல்ட் 1931 இலும், ஹப்பி வேர்ல்ட் 1930களின் நடுக்கூற்றிலும் தோன்றின. சீனக் கூத்து, மலாய் பங்சவான், நடன மண்டபம், திரைப்படம், குத்துச்சண்டை, மற்போர், தின்பண்டக் கடைகள் யாவும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. சிறு காசு கொடுத்து உள்ளே நுழையலாம்; வேண்டிய காட்சிக்கு மேலும் காசு கொடுக்கலாம். துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த தமிழன், படகோட்டிய சீனன், காவல் காத்த பஞ்சாபி, மலாய்க்காரன் என மொழியால் வேறுபட்டோர் கூடிய இடம் அது. கூத்து ஒவ்வொரு மொழிக்கும் உரியது. மற்போருக்கு மொழி வேண்டியதில்லை. உடல் பெருத்தவன் கொடியவன், முறை பிறழ்ந்து அடிப்பவன் கயவன், வீழ்ந்தும் எழுபவன் நல்லவன் என்பதனை எம்மொழியினனும் அறிவான்.

கிங் கொங் என்னும் பெயரில் வலம் வந்தவர் ஹங்கேரிய வழியினரான எமில் சாயா. 1933 இல் வெளிவந்த திரைப்படத்தின் பெருங்குரங்கினது பெயரே அவரது பெயராயிற்று. 400 இறாத்தல் அளவில் எடை, தாடி, உறுமல். பார்வையாளர் வெறுத்துக் காசு கொடுக்கத்தக்க உருவம். தாரா சிங் 1928 இல் அமிர்தசரஸ் மாவட்டத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தவர். 1940களின் இறுதியிற் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து, பீப்பாத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவாறே ஹர்னாம் சிங் என்பாரிடம் பயின்றார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயா வீரரானார். ஆலைத் தொழிலாளி ஒருவன் மேடையேறி, தன்னிலும் பெரிய வெள்ளையனைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றி வீசும் காட்சி அது. வெள்ளை அதிகாரிகளின் கீழ் உழைத்து, அண்மையில் யப்பானிய ஆதிக்கத்தையும் கண்டு மீண்ட கூட்டம் அதனைக் கண்டு ஏன் கூத்தாடியது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். வீழ்த்தியவனும் வீழ்ந்தவனும் ஒரே ஒழுங்கமைப்பாளரிடம் சம்பளம் பெற்றோர். ஊர் ஊராய் ஒருவரையொருவர் தொடர்ந்து சென்று ஆண்டுக்கணக்காக மோதியவர்கள், ஒருவர் இன்றேல் மற்றவருக்குப் பிழைப்பில்லை என்பதை அறிந்த சக தொழிலாளர்.

இவ்வோட்டம் சிங்கப்பூரோடு நிற்கவில்லை. 1959 இல் கல்கத்தாவிற் கனடியரான ஜோர்ஜ் கோர்டியென்கோவை வென்று தாரா சிங் பொதுநலவாய வீரரானார். 1968 மே 29 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸை வென்றார். இடைப்பட்ட பத்தாண்டுகளே இக்காட்சியின் உச்சம் எனலாம். திறந்த மைதானம், மூங்கில் அடைப்பு, சுவரொட்டி, மாட்டு வண்டியிலோ மோட்டார் வண்டியிலோ பறையறிவிப்பு; இவ்வளவே முதலீடு. மழை பெய்தால் நட்டம். வீரன் வராவிடின் கல்லெறி.

இக்காட்சி உண்மையா பொய்யா என்னும் வினா அன்றும் எழுந்தது. பிரெஞ்சு அறிஞர் றோலான் பார்த் 1957 இல் வெளியிட்ட 'புராணிகங்கள்' என்னும் கட்டுரைத் தொகுதியை மற்போர் பற்றிய கட்டுரையுடனேயே தொடங்குகின்றார். அது விளையாட்டன்று, காட்சி என்பது அவரது முடிபு. பார்வையாளன் யார் வெல்வார் என்பதைக் கணிக்க வருவதில்லை. துன்பம், தோல்வி, நீதி என்பன கண்முன் முழு உருவிலே தோன்றுவதைக் காண வருகின்றான் என்பது அவரது விளக்கம். பாரிசின் புறநகர் மண்டபங்களைக் கண்டு அவர் எழுதியது, நம் தோட்டத்துக் களரியைக் கண்டு எழுதியதுபோலவே அமைகின்றது. காமன் கூத்திலே மன்மதன் எரிவான் என்பது கம்பம் நடும் நாளிலேயே தெரியும். ரதியின் புலம்பலும் எதிர்பார்க்கப்பட்டதே. அருச்சுனன் மண்ணாற் செய்த இலிங்கத்துக்குச் சூட்டிய மாலை வேடன் தலையிற் காணப்படும் கணத்துக்காகவே கூட்டம் காத்திருக்கின்றது. முடிவு தெரியாமையால் வரும் சுவை சிறிது. தெரிந்த முடிவு வந்து சேரும் வழியைக் காண்பதால் வரும் சுவை பெரிது. எனினும் பார்த் உழைப்பைப் பற்றிப் பேசவில்லை என்பது அவரது கட்டுரையின் குறை. அடி விழுவதுபோல் விழுவதற்கும் முதுகு தேய்கின்றது.

நடிப்பின் உடன்பாடு முறியும்போது நிகழ்வதென்ன என்பதற்கு 1976 டிசெம்பர் 12 இற் கராச்சியில் நடந்த போட்டி சான்றாகும். காமாவின் குடும்பத்தைச் சேர்ந்த அக்ரம் பயில்வானும் யப்பானிய வீரர் அந்தோனியோ இனோக்கியும் மோதினர். காட்சியாகத் தொடங்கியிருக்க வேண்டியது உண்மைச் சண்டையாகி, அக்ரமின் கை முறிந்தது. போட்டி நிறுத்தப்பட்டது, மைதானம் மௌனமாயிற்று. உண்மையைக் காண விரும்புவதாகக் கூறிக்கொண்ட கூட்டத்துக்கு உண்மை காட்டப்பட்டபோது அது மகிழவில்லை.

பெண்ணொருத்தியின் வரலாற்றையும் இங்குச் சேர்த்தல் வேண்டும். மற்போர் பற்றி எழுதுவோர் இவரை நெடுங்காலம் மறந்திருந்தனர். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரிற் பிறந்து அலிகாரிற் பயின்ற ஹமிதா பானு, தம்மை வெல்பவரை மணப்பதாக 1954 இல் அறைகூவி, ஆண்களை வரிசையாக வீழ்த்தினார். பாபா பயில்வானை அவர் வென்றது 1 நிமிடம் 34 செக்கனில். கூட்டம் அவரைக் காணத் திரண்டது. அதே கூட்டம் அவரை வெறுக்கவும் செய்தது. கோலாப்பூரில் ஆணொருவரை அவர் வென்றபோது கல்லெறியப்பட்டது. பூனாவில் அவரது போட்டி நிறுத்தப்பட்டது. பம்பாய் மாநில முதலமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாயிடம் அவர் முறையிட்டார். தடைக்குக் காரணம் அவர் பெண் என்பதன்று, ஒழுங்கமைப்பாளர் போலி வீரரை நிறுத்துவதாக வந்த முறைப்பாடுகளே என்று பதில் கிடைத்தது. போலி வீரர் என்னும் குற்றச்சாட்டு ஆண்களின் காட்சிக்கும் பொருந்துவதே. ஆயினும் கிங் கொங்கும் தாரா சிங்கும் தொடர்ந்து நாடெங்கும் மேடையேறினர். ஹமிதா பானு பின்னாளிற் பம்பாய்க்கு அருகே கல்யாணிற் பால் விற்று வாழ்ந்தார். 1986 இல் மறைந்தார். 2024 மே 4 இற் கூகிள் தனது முகப்பில் அவரது சித்திரத்தை இட்ட பின்னரே பலர் அவர் பெயரை அறிந்தனர்.

இனி மாத்தளைக்கு மீள்வோம். சிங்கப்பூரில் வேரூன்றிய நுழைவுச்சீட்டுக் காட்சி இங்குத் தோட்டத் தொழிலாளரிடையே ஏன் வேரூன்றவில்லை? மலையக மக்கள் பின்தங்கியோர், அவர்தம் சுவை பழைமையானது என்று விடை பகர்வோர் உளர். அவ்விடை மேட்டுக்குடி நோக்கினது. மலாயாவிலும் இறப்பர்த் தோட்டத்துள் கோதா எழவில்லை, நகரிலேயே எழுந்தது. ஆகவே வேறுபாடு இரு நாட்டு மக்களின் இயல்பிலன்று, நகரக் கூலியுழைப்புக்கும் தோட்டக் கூலியுழைப்புக்கும் இடையிலேயே தேடப்பட வேண்டும்.

நுழைவுச்சீட்டுக் காட்சிக்கு மூன்று வேண்டும்: கையிற் காசு, தன் விருப்பப்படி கழிக்கத்தக்க இரவு, போய்வர வழி. எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டங்களின் தொழிலாளிக்கு இம்மூன்றும் நெடுங்காலம் இல்லை. கூலி செக்ரோலில் பதியப்பட்டது. அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழிக்கப்பட்டது. கடன் துண்டுடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இலேயே வந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவன் நள்ளிரவுக் காட்சிக்கு மாத்தளை நகருக்கு எவ்வாறு இறங்கி ஏறுவான்? 1880 இல் மாத்தளைக்கு வந்த புகையிரதம் கோப்பியையும் பின்னர்த் தேயிலை, கொக்கோ, இறப்பரையும் ஏற்றிச் செல்லவே வந்தது.

காட்சி தோட்டத்துக்கு வந்திருக்கலாமே எனின், தோட்டம் துரையின் தனிநிலம். அனுமதியின்றி அந்நியன் அடி வைத்தால் அத்துமீறல் குற்றம். தொழிற்சங்கத் தந்தை கோ. நடேசய்யரே புடவை வியாபாரிபோற் சென்றுதான் தொழிலாளரைக் கண்டார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. சங்கக்காரனைத் தடுத்த அதே வேலி கூடாரக்காரனையும் தடுத்தது. வெள்ளையனை ஒரு கறுப்பு மனிதன் தூக்கி வீசும் காட்சியைத் தன் தோட்டத்தில் நடத்த எந்தத் துரை அனுமதித்திருப்பான் என்பதும் எண்ணத்தக்கது.

எனவே இங்குக் காட்சியென்பது தொழிலாளர் தாமே தமக்குச் செய்துகொண்டதாக அமைந்தது. மாசித் திங்கள் வளர்பிறையிற் காமன் கம்பம் நடப்படும். மன்மதனாகவும் ரதியாகவும் வேடமேற்போர் நேர்த்தியுடன் விரதமிருப்பர். இரவுதோறும் தப்பு முழங்கும். செலவு லயந்தோறும் திரட்டிய காசு, அரிசி, எண்ணெயிலிருந்து வரும். பார்ப்போனும் ஆடுவோனும் நாளைக் காலை ஒரே மலையில் நிற்பர். வீரபத்திரன் தோன்றும்போது அவன் யார் மகன் என்பதை எல்லோரும் அறிவர், அறிந்தும் அஞ்சுவர். இதே மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் தேர்த்திருவிழாவுக்குத் தோட்டங்கள் யாவும் நகருக்கு இறங்கி வரும். ஐந்து தேர்கள் வீதியில் நகரும் அந்நாள், மாத்தளைத் தொழிலாளி பெருங்கூட்டமாய்த் திரண்டு தன் எண்ணிக்கையைத் தானே காணும் நாள். சிங்கப்பூர்த் தமிழன் கோதாவிற் கண்டதை இவன் தேர்வீதியிற் கண்டான் என்று ஒருவாறு கூறலாம்.

இதனைப் பொற்காலமென வருணிப்பதும் பொருந்தாது. கங்காணியின் முதன்மை கூத்தின் முதன்மையாகவும் இருந்ததுண்டு. தப்படிப்போனின் சாதி களரியில் மறக்கப்படவில்லை. அவனின்றிக் கூத்தில்லை, ஆயினும் மரியாதை முதலில் அவனுக்கில்லை. பெண் வேடத்தை ஆணே புனைந்தான். பகலெல்லாம் கொழுந்தெடுத்த பெண் இரவிற் பார்வையாளராக மட்டுமே இருந்தாள். சீட்டுக் கோதா, வெளிப்படையான சுரண்டலாயினும், ஹமிதா பானு ஒருத்திக்கேனும் சில ஆண்டுகள் இடமளித்தது. கூத்துக் களரி அதுவும் செய்யவில்லை.

இரு காட்சிகளும் தாழ்ந்த காரணங்கள் வெவ்வேறு. கோதாவின் தாழ்வு சந்தையாலானது. கிங் கொங் 1970 மே மாதம் வீதி விபத்தொன்றிற் பட்ட காயத்தாற் சிங்கப்பூரில் இறந்தார். தாரா சிங்கைத் திரைப்படம் ஈர்த்துக்கொண்டது. 1962 இல் அவர் நாயகனாக நடித்த இந்திப் படத்துக்கே 'கிங் கொங்' என்று பெயர். மைதானத்தில் ஓரிரவு கூடிய கூட்டத்துக்காகப் பட்ட அடியைப் படச்சுருள் ஆயிரம் கொட்டகைகளில் விற்றது. 1983 இல் தில்லியில் அவர் ஓய்வுபெற்றார். 1987 இலிருந்து இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றி, மற்போரையே கண்டிராத தலைமுறைக்கும் அறிமுகமானார். 2012 இல் மறைந்தார்.

அமெரிக்காவிலோ, 1948 இற் கூட்டணி அமைத்து ஊர்களைத் தம்முட் பங்கிட்டுக்கொண்ட சிறு ஒழுங்கமைப்பாளரை, 1980களிற் செய்மதித் தொலைக்காட்சியின் துணையுடன் ஒரே கம்பனி விழுங்கியது. 1989 இல் நியூ யேர்சி மாநிலச் செனற் சபையின் முன் அக்கம்பனியே மற்போர் போட்டியன்று, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டாணையத்தின் கட்டணமும் மேற்பார்வையும் இதனால் நீங்கும் என்பதே நோக்கம். பல தலைமுறை மல்லர் உயிரினும் மேலாகக் காத்த இரகசியம் ஒரு வரிச் சலுகைக்காக விற்கப்பட்டது. கூட்டம் குறையவில்லை என்பது பார்த்தின் முடிபை உறுதிசெய்கின்றது.

கூத்தின் தாழ்வு அரசியலாலானது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையக மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. எண்களாகப் பிரிக்கப்பட்டோருள் ரதியாக ஆடியவனும் இருந்தான், பாட்டறிந்த வாத்தியாரும் இருந்தார். கூத்து, எழுத்திலன்றி ஆட்களில் வாழும் கலை. பாட்டறிந்த ஒருவர் நீலகிரிக்கோ வவுனியாவுக்கோ போய்விட்டால் அத்தோட்டத்துக் கூத்தின் ஒரு பகுதியும் போய்விடும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தமும் அக்காலப் பட்டினியும் மேலும் பலரைப் பெயர்த்தன. 1983 யூலை வன்செயலில் முத்துமாரியம்மன் ஆலயமே தீக்கிரையாக்கப்பட்டது. பின்னர் அது புதுக்கப்பட்டு, தேர்களும் மீண்டும் ஓடுகின்றன. எரிந்த கோயிலைக் கட்டலாம். கலைந்த களரியை அவ்வாறு கூட்டுதல் கடினம்.

அண்மைக் காலத்திற் கோதா சிறு அளவில் மீண்டுள்ளது. சிங்கப்பூரில் 2012 இலும் மலேசியாவில் 2014 இலும் சுயாதீன மற்போர்க் குழுக்கள் தோன்றின. பஞ்சாபில் 'கிரேட் காலி' என அறியப்படும் தலீப் சிங் ராணா 2015 இல் ஒரு பயிற்சிக்கூடமும் காட்சிக் குழுவும் தொடங்கினார். மாறாக, 2012 இல் அமெரிக்கக் கம்பனியொன்றின் முதலீட்டில் இந்தியத் தொலைக்காட்சிக்கெனப் பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட 'ரிங் கா கிங்' என்னும் தொடர் 26 பகுதிகளோடு நின்றுவிட்டது. பணமும் ஒளியும் இருந்தன. அடுத்த வாரமும் அதே ஊருக்குத் திரும்பிவர வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. மலேசியக் குழுவில் 2019 யூலையில் நோர் டயானா என்னும் இளம்பெண், தலையை மறைக்கும் துணியுடன் மேடையேறி, ஆண்கள் நால்வரை வென்று பட்டம் பெற்றார். பகலில் அவர் மருத்துவமனை ஊழியர். தாரா சிங் பீப்பா ஆலையிலிருந்து கோதாவுக்கு வந்து திரும்பிப் போகாதவர். இவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர். வாயிற்காசு இன்று மல்லரை முழுநேரமும் தாங்குவதில்லை. அவ்வகையில் அவர் காமன் கூத்தாடியோருக்கே அணுக்கமானவர்.

மாத்தளைப் பகுதியிலும் பிற மலையகப் பகுதிகளிலும் காமன் கூத்து முற்றாக அழியவில்லை. சில தோட்டங்களில் மாசியில் இன்றும் கம்பம் நடப்படுகின்றது. இலக்கிய விழாக்களிலும் பண்பாட்டு விழாக்களிலும் பல இரவுக் கூத்து அரைமணி நேரமாகச் சுருக்கப்பட்டு மேடையேறுவதும் உண்டு. அவ்வேளைகளில் ஆடுவோருக்குப் பொன்னாடையும் சான்றிதழும் வழங்குவது வழக்கமாகிவிட்டது. தப்படிப்போரோ தமக்கு அன்றைய நாட்கூலி வேண்டும் என்கின்றனர். விழா எடுப்போருட் சிலர் இதனைக் கலையின் வணிகமயமாக்கம் எனக் குறை கூறுகின்றனர். மலையேறாத நாளுக்குத் தோட்டத்திற் பெயர் விழாது என்பதனை அவர்கள் அறிந்திருந்தால் அவ்வாறு கூறியிருக்கமாட்டார்கள்.